கொலையாளி யாரென்று தெரிந்துவிட்ட பிறகு என்ன துப்பறிவது?

துப்பறியும் நாவலின் அச்சாணி ஒரே ஒரு கேள்வி: யார் செய்தது? பொய்ச் சாட்சிகள், தவறான சந்தேகங்கள், கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் ஓர் அறையில் கூட்டுவது எல்லாமே அந்த விடையை முடிந்தவரை தள்ளிப் போடத்தான். ஒருவன் பள்ளிக்குள்ளோ திரையரங்குக்குள்ளோ புகுந்து கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுட்டுத் தள்ளும் குற்றத்தில் இந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. செய்தவன் பெயர் அன்று மாலைச் செய்தியிலேயே வந்துவிடும். பல சமயம் அவனும் அங்கேயே செத்துக் கிடப்பான். கைது இல்லை, வழக்கு இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. க்ரைம் நாவலுக்கு வேண்டிய சாமான் எதுவுமே மிச்சம் இல்லாத குற்றம் இது.

இருந்தும் இதைச் சுற்றி ஒரு தனி வகைக் க்ரைம் புனைவு வளர்ந்திருக்கிறது. இந்த நாவல்களில் துப்பாக்கிச்சூடு முதல் சில பக்கங்களோடு முடிந்துவிடும். சிலவற்றில் நாவல் தொடங்கும் முன்பே நடந்து முடிந்திருக்கும். மிச்சமுள்ள முந்நூறு பக்கமும் அதன் பிறகான கதைதான். பிள்ளையைத் தேடி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிற அம்மா, அந்த அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டிய இன்ஸ்பெக்டர், உள்ளே போகாமல் வெளியில் நின்றுவிட்ட கான்ஸ்டபிள், சுட்டவனின் தம்பி. இவர்கள்தான் பாத்திரங்கள்.

இந்தக் கதைகளில் மர்மம் கொலையாளியிடம் இல்லை, தகவலில் இருக்கிறது என்பது என் எண்ணம். யாருக்கு எப்போது என்ன தெரிந்தது, தெரிந்தவர் அதை யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னார், ஏன் அவ்வளவு தாமதம், முதலில் சொன்னது ஏன் மறுநாள் மாறியது. தகவல் போலீசிடம் இருக்கிறது. அதைக் கேட்டு வாசலில் நிற்பது குடும்பம். ஒரு காகிதத்துக்காக எதிரெதிரே நிற்கும் இந்த இரண்டு தரப்பின் கதைதான் இந்த வகையின் முதுகெலும்பு. நிஜத்தில் நடந்தவற்றைப் பார்த்தால் இது ஏன் இப்படி அமைந்தது என்று விளங்கும்.

பஸ்ஸில் ஒன்பது பேர்

இந்த வகைக்கு ஒரு முன்னோடி உண்டு. ஸ்வீடனின் மாய் ஷோவால், பெர் வாலோ இணையர் 1968-ல் எழுதிய ‘தி லாஃபிங் போலீஸ்மேன்’. மார்ட்டின் பெக் என்ற துப்பறிவாளர் வரும் பத்து நாவல் வரிசையில் நான்காவது. ஸ்டாக்ஹோமில் மழை இரவில் ஒரு பஸ்ஸுக்குள் ஒன்பது பேர் சுடப்பட்டுக் கிடக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பெக்கின் சொந்தக் குழுவைச் சேர்ந்த இளம் துப்பறிவாளர். டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் மேலிருந்து ஒருவன் கீழே போனவர்களைச் சுட்ட சம்பவம் நடந்தது 1966 ஆகஸ்டில். அதற்கு இரண்டே வருடத்தில் வந்த நாவல். ஆங்கிலத்தில் வந்தபோது 1971-ல், க்ரைம் எழுத்துக்கு அமெரிக்காவில் தரும் எட்கர் விருதும் வாங்கியது.

நாவலைப் படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். பஸ்ஸில் நடந்தது கண்மூடித்தனமான கொலை என்றுதான் ஊரே நினைக்கிறது. கடைசியில் அது அப்படி இல்லை. குறி வைத்த ஆளைத் தீர்த்துக்கட்ட, கூட இருந்தவர்களையும் சேர்த்துச் சுட்டிருக்கிறான். அதன் வேர் பல வருடம் முந்தைய ஒரு கொலையில் போய் நிற்கிறது. அதாவது, காரணமே இல்லாத கொலையைக் கையில் எடுத்த நாவல், அதற்குள் ஒரு காரணத்தை வைத்த பிறகுதான் நிம்மதியாக மூச்சு விடுகிறது. துப்பறியும் நாவலுக்கு அன்று வேறு வழி தெரியவில்லை.

அந்த நாவலில் இன்றும் பழசாகாமல் இருப்பது அந்தத் தீர்வு இல்லை. இறந்துபோன துப்பறிவாளருடன் வாழ்ந்த பெண், ஓசா டோரெல். அவள் வீட்டுக்கு விசாரிக்கப் போகும் சக அதிகாரி கோல்பெரி அவளை ஒரே சமயத்தில் சாட்சியாகவும் துக்க வீட்டுப் பெண்ணாகவும் பார்க்க வேண்டியிருக்கிறது. கேள்வி கேட்டே ஆக வேண்டும், கேட்கவும் கூசுகிறது. பிறகு அவளைத் தன் வீட்டுக்கே அழைத்துப் போய் மனைவியோடு தங்க வைக்கிறார். வரிசையின் பிந்தைய நாவல்களில் அவளே போலீசில் சேர்ந்துவிடுகிறாள். விசாரிப்பவரும் இழந்தவரும் ஒரே சமையலறையில் உட்கார்ந்திருக்கும் அந்தக் காட்சியிலிருந்துதான் இந்த வகை உண்மையில் பிறந்தது என்பேன்.

காரணம் தேடும் பழக்கம் மட்டும் அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. ஜோடி பிக்கோ 2007-ல் எழுதிய ‘நைன்டீன் மினிட்ஸ்’ பள்ளித் துப்பாக்கிச்சூடு ஒன்றைப் பற்றியது. சுட்ட பையன் உயிரோடு பிடிபடுகிறான், எல்லோருக்கும் எல்லாம் தெரியும். அப்படியிருந்தும் ஒரேயொரு சாவில் மட்டும் ஒரு ரகசியத்தைப் பொத்தி வைத்துக் கடைசியில் அவிழ்க்கிறார். நீதிமன்றக் காட்சிகள் விறுவிறுப்பானவை, சந்தேகமில்லை. ஆனாலும் வாசகரைப் பிடித்து வைக்க அந்த ரகசியம் தேவைப்பட்டதே என்ற உறுத்தல் எனக்கு உண்டு.

நிஜம் இவ்வளவு தாராளமானது இல்லை. 2017 அக்டோபர் 1 இரவு லாஸ் வேகாஸில் ஓட்டல் ஜன்னல் வழியாக ஒருவன் இசை நிகழ்ச்சிக் கூட்டத்தை நோக்கிச் சுட்டான். அன்றே 58 பேர் இறந்தார்கள். காயங்களால் பின்னர் இறந்தவர்களோடு எண்ணிக்கை 60 ஆனது. எஃப்.பி.ஐ.யின் நடத்தை ஆய்வுப் பிரிவு ஒரு வருடத்துக்கு மேல் ஆராய்ந்துவிட்டு 2019 ஜனவரியில் சொன்ன முடிவு: தெளிவான ஒற்றைக் காரணம் எதுவும் இல்லை. இதைக் கடைசி அத்தியாயமாக எழுதும் தைரியம் எந்தக் க்ரைம் எழுத்தாளருக்கு வரும்?

வராத பஸ்

1999 ஏப்ரல் 20. கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளி. இரண்டு மாணவர்கள் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் கொன்றார்கள். தப்பிய பிள்ளைகளை பஸ்களில் ஏற்றி அருகிலிருந்த லீவுட் தொடக்கப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பெற்றோரும் அங்கேயே கூடினார்கள். ஒவ்வொரு பஸ்ஸாக வந்தது. பிள்ளைகள் இறங்க இறங்க, பெற்றோர் கட்டிப்பிடித்து அழைத்துப் போனார்கள். கூட்டம் கரைந்தது. பிள்ளை கிடைக்காதவர்களுக்கு ஒரு பதில் சொல்லப்பட்டது: இன்னும் ஒரு பஸ் வரவேண்டியிருக்கிறது. மாலையாகி இருட்டத் தொடங்கியது. அப்படி ஒரு பஸ் இல்லவே இல்லை.

2022 மே 24. டெக்சாஸின் யுவால்டி ஊரில் ராப் தொடக்கப் பள்ளி. 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். பெற்றோர் ஊரின் சமூக மண்டபத்தில் காத்திருந்தார்கள். அங்கும் ஓர் அதிகாரி வந்து சொன்னார், பிழைத்த பிள்ளைகளோடு இன்னொரு பஸ் வருகிறது என்று. அதுவும் உண்மை இல்லை. 2024 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட விசாரணை அறிக்கையில் இது பதிவாகியிருக்கிறது. இடைப்பட்ட 23 வருடத்தில் போலீஸ் பயிற்சி எவ்வளவோ மாறியது, அந்த பஸ் மட்டும் மாறவில்லை.

இந்தப் பொய்யை யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். யாரோ யாரிடமோ கேட்டதை நம்பிச் சொல்லியிருக்கலாம், எதிரில் நிற்கும் தாயின் முகத்தைப் பார்க்க முடியாமல் வாயில் வந்ததைச் சொல்லியிருக்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாவலாசிரியருக்கு இடம் இருக்கிறது. சொன்ன அந்த ஆள் அன்றிரவு வீட்டுக்குப் போய் என்ன செய்தார்? மறுநாள் துக்க வீட்டில் அதே பெற்றோரை எதிர்கொண்டாரா?

சாவுச் செய்தி சொல்வதற்குப் போலீசில் எழுதப்பட்ட முறைகள் உண்டு. நேரில் போக வேண்டும், போனில் கூடாது. இரண்டு பேராகப் போக வேண்டும். உட்காரச் சொல்லிவிட்டு, சுற்றி வளைக்காமல், இறந்துவிட்டார் என்ற வார்த்தையையே சொல்ல வேண்டும். காலமானார், நம்மை விட்டுப் போய்விட்டார் என்றெல்லாம் மென்மைப்படுத்தினால் கேட்பவரின் மனம் அந்த இடுக்கில் நம்பிக்கையைச் செருகிக்கொள்ளும். இந்த முறை ஒரு வீட்டுக்கு, ஒரு சாவுக்கு வகுத்தது. ஒரே அறையில் இருபத்தைந்து குடும்பம் உட்கார்ந்திருக்கும்போது எந்த இரண்டு பேர், எந்தக் குடும்பத்தை முதலில் வெளியே கூப்பிடுவது? கூப்பிட்ட அந்த நொடியே மற்ற எல்லோருக்கும் விளங்கிவிடுமே.

2012 டிசம்பர் 14, கனெக்டிகட்டின் நியூடவுன். சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் இறந்தார்கள். பள்ளிச் சாலையின் முனையில் இருக்கும் தீயணைப்பு நிலையத்தில் பெற்றோர் கூடினார்கள். முறைப்படி அடையாளம் காட்டும் வேலை முடியாமல் எதையும் உறுதிப்படுத்தக் கூடாது என்பது விசாரணையாளர்களின் நிலை. விதிப்படி அவர்கள் சொன்னது சரி. ஒரு பெயர் மாறிப்போனால் அதைவிடக் கொடுமை வேறு இல்லை. ஆனால் மணிக்கணக்காகியும் யாரும் வாய் திறக்காததைப் பார்த்த மாநில ஆளுநர் டேனல் மலாய், இதற்கு மேல் காக்க வைக்க முடியாது என்று முடிவு செய்து, இன்னும் பிள்ளை கிடைக்காதவர்களுக்கு இனி கிடைக்கப்போவதில்லை என்பதைத் தானே சொன்னார். பிறகு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மாநிலப் போலீஸ்காரர் துணைக்கு நியமிக்கப்பட்டார். உடல்களைக் காட்டாமல், முகத்தின் புகைப்படத்தை வைத்தே பெற்றோரை அடையாளம் சொல்ல வைத்தார்கள். ஸ்காட்லாந்தின் டன்பிளேனில் 1996 மார்ச் 13-ல் காலை ஒன்பதரை மணி வாக்கில் 16 குழந்தைகளும் ஆசிரியையும் கொல்லப்பட்டபோதும் சில குடும்பங்களுக்குப் பிற்பகலில்தான் செய்தி சொல்லப்பட்டது.

குடும்பத்துக்குத் துணையாக வந்து நின்ற அந்தப் போலீஸ்காரரை வைத்தே ஒரு முழு நாவல் எழுதலாம். அவர் துப்பறிய வரவில்லை. போன் வந்தால் எடுப்பார், வாசலில் வரும் கேமராக்காரர்களைத் தடுப்பார், சவப்பெட்டி தேர்ந்தெடுக்கக் கூடப் போவார். அந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை, அப்பா ராத்திரி எத்தனை மணிக்கு எழுந்து நடக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கூடவே, உள்ளே என்ன நடந்தது என்பதும் சக போலீஸ்காரர்கள் வழியாக அவருக்குத் தெரிந்திருக்கும். குடும்பம் கேட்கும், அவர் சொல்லக் கூடாது. சஸ்பென்ஸ் என்று தனியாக எதையும் புகுத்த வேண்டியதே இல்லை.

இதில் எழுத்தாளருக்கு ஒரு தர்மசங்கடமும் இருக்கிறது. விஷயத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுதான் க்ரைம் நாவலின் தொழில்நுட்பம். தீயணைப்பு நிலையத்தில் அந்தப் பெற்றோருக்கு நடந்ததும் கிட்டத்தட்ட அதேதான். எந்தப் பிள்ளை இறந்தது என்பதை வாசகரிடம் நூறு பக்கம் மறைத்து வைத்து விறுவிறுப்பு ஏற்றும் நாவல்களைப் பார்த்தால் எனக்கு ஒவ்வாமை வருகிறது. தேர்ந்த எழுத்தாளர்கள் அதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். வாசகருக்குத் தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது. அந்த இடைவெளி போதும்.

நடைக்கூடத்தில் 77 நிமிடம்

கொலம்பைனில் போலீஸ் அன்றைய விதிப்படிதான் நடந்தது: பகுதியைச் சுற்றி வளை, சிறப்பு அதிரடிப் படை வரும்வரை காத்திரு. பணயக் கைதிகளைப் பிடித்து வைத்துப் பேரம் பேசுகிறவர்களை மனதில் வைத்து எழுதிய விதி அது. இந்த இருவருக்குப் பேரம் பேச எதுவும் இல்லை. தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் அவர்கள் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டு இறந்துவிட்டார்கள்; வெளியே இருந்தவர்களுக்கு அது தெரியாது. குண்டு பாய்ந்த ஆசிரியர் ஒருவர் வகுப்பறைத் தரையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ரத்தம் இழந்துகொண்டிருந்தார். ஒருவர் ரத்தம் சிந்திச் செத்துக்கொண்டிருக்கிறார் என்று பலகையில் எழுதி ஜன்னலில் காட்டினார்கள். படை வந்து சேர்ந்தபோது காலம் கடந்துவிட்டது.

அதன் பிறகு அமெரிக்கா முழுக்கப் பயிற்சி தலைகீழானது. முதலில் வந்து சேரும் போலீஸ்காரர், அவர் ஒருவரே ஆனாலும், சத்தம் வரும் திசைக்கு நேராக உள்ளே போக வேண்டும். காயம்பட்டவரைக்கூடத் தாண்டிப் போக வேண்டும். முதலில் சுடுகிறவனை நிறுத்து. இதற்கென்றே டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2002-ல் ஒரு பயிற்சி மையம் தொடங்கி நாடு முழுவதும் கற்றுக்கொடுத்தார்கள்.

அதே டெக்சாஸில்தான் யுவால்டி நடந்தது. கொலையாளி பள்ளிக்குள் நுழைந்து 77 நிமிடம் கழித்துத்தான் அவனைச் சுட்டு வீழ்த்தினார்கள். மாநில சட்டமன்றக் குழுவின் கணக்குப்படி அங்கு வந்து சேர்ந்த அதிகாரிகள் 376 பேர். உள்ளே வகுப்பறையிலிருந்து குழந்தைகள் அவசர உதவி எண்ணான 911-க்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே தாங்களே உள்ளே போகிறோம் என்று துடித்த பெற்றோரைப் போலீஸ் தடுத்துக்கொண்டிருந்தது. நடைக்கூடத்தின் கேமரா பதிவு இரண்டு மாதம் கழித்துப் பத்திரிகை வழியாக வெளியானது. கேடயங்களும் நீளத் துப்பாக்கிகளுமாக ஆட்கள் நிற்கிறார்கள். ஹெல்மெட் போட்ட ஒருவர் சுவரில் இருக்கும் சானிட்டைசரை அழுத்தி இரு கைகளிலும் தேய்த்துக்கொள்கிறார். அவ்வளவுதான். அந்தச் சில நொடிகள்தான் உலகம் முழுக்கச் சுற்றின.

அந்தக் கூட்டத்தில் ஒரு பள்ளிப் போலீஸ்காரர் இருந்தார். உள்ளே சுடப்பட்டுக் கிடந்த ஆசிரியை அவர் மனைவி. தன்னைச் சுட்டுவிட்டார்கள் என்று ஆசிரியை கணவரைப் போனில் அழைத்துச் சொல்லியிருக்கிறார். கணவர் அதைக் கூட இருந்தவர்களிடம் சொல்லிவிட்டு முன்னே போக முயன்றார். அவர்கள் அவர் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வெளியே கூட்டிப் போனார்கள். ஆசிரியை பிழைக்கவில்லை. 1989 டிசம்பர் 6-ல் கனடாவின் மான்ட்ரியாலில் எகோல் பாலிடெக்னிக் பொறியியல் கல்லூரியில் 14 பெண்கள் கொல்லப்பட்டபோதும் இப்படி ஒன்று நடந்தது. வெளியே நிருபர்களுக்குத் தகவல் சொல்லிவிட்டு உள்ளே போன போலீஸ் செய்தித் தொடர்பு அதிகாரி, இறந்து கிடந்தவர்களில் தன் மகளைக் கண்டார். ஒரு நாவலில் இப்படி எழுதினால் செயற்கையாக இருக்கிறது என்று எடிட்டர் வெட்டிவிடுவார்.

ஆக, இங்கே போலீஸ் விசாரிக்கும் தரப்பு மட்டும் இல்லை, விசாரிக்கப்படும் தரப்பும் அதுவே. போலீஸ்காரர் உடையில் மாட்டிய பாடிகேம் கேமராவின் பதிவு, வயர்லெஸ் உரையாடல், கதவுப் பூட்டு பூட்டியிருந்ததா இல்லையா, எத்தனை மணிக்கு யார் எந்த உத்தரவு கொடுத்தார்: தடயங்கள் இவைதான். யுவால்டியில் முதல் நாள் சொன்ன கதை, போலீஸ் விரைந்து செயல்பட்டு உயிர்களைக் காத்தது என்பது. மூன்றாம் நாளே மாநிலப் பாதுகாப்புத் துறைத் தலைவர், காத்திருந்தது தவறான முடிவு என்றார். ஓர் ஆசிரியை கதவைத் திறந்து வைத்துவிட்டார் என்று முதலில் பழி போட்டார்கள்; அவர் அதைச் சாத்திவிட்டுத்தான் போனார் என்று பிறகு தெரிந்தது. அந்த இரண்டு மூன்று நாள் அந்த ஆசிரியை எப்படித் தூங்கியிருப்பார் என்பதைத் தனிக் கதையாகவே எழுதலாம்.

கொலம்பைனில் இதைவிட மோசமான ஒன்று இருந்தது. சுட்டவர்களில் ஒருவனின் இணையப் பக்கத்தைப் பற்றி ஒரு குடும்பம் முந்தைய வருடமே புகார் கொடுத்திருந்தது. ஷெரிஃப் அலுவலக அதிகாரி ஒருவர் அவன் வீட்டைச் சோதனையிட அனுமதி கேட்கும் மனுவை எழுதியும் வைத்திருந்தார். அது நீதிபதியிடம் போகவே இல்லை. கொலைகளுக்குப் பிறகு அந்த மனு இருப்பதையே மறைத்தார்கள். 2001-ல் சட்டப் போராட்டத்துக்குப் பின்தான் வெளியே வந்தது. ஓர் அலுவலக அலமாரியில் மூன்று வருடம் தூங்கிய காகிதம். இங்கே துப்பறிந்தது போலீஸ் இல்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர்தான் தகவல் கேட்டு மனுப் போட்டு, வழக்குப் போட்டு, பெட்டி பெட்டியாகக் கோப்புகளைப் படித்துத் துப்பறிவாளர்களாக ஆனார்கள்.

நார்வேயில் 2011 ஜூலை 22 அன்று ஒருவன் நடத்திய தாக்குதல்களில் 77 பேர் இறந்தார்கள். அதில் 69 பேர் உட்டோயா தீவில். போலீஸ் ஹெலிகாப்டர் குழு கோடை விடுமுறையில் இருந்தது, படை ஏறிய ரப்பர் படகு பாரம் தாங்காமல் தண்ணீர் ஏறி நடுவழியில் நின்றது. அங்கே அரசு அமைத்த விசாரணைக் கமிஷன் 2012 ஆகஸ்டில் இதையெல்லாம் மழுப்பாமல் எழுதியது. சில நாட்களில் தேசியப் போலீஸ் தலைவர் பதவி விலகினார். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 2020 ஏப்ரலில் ஒருவன் போலீஸ் கார் மாதிரியே ஒரு காரைத் தயார் செய்து அதில் சுற்றி 22 பேரைக் கொன்றான். அந்தக் காரின் படம் காலை ஏழரை வாக்கில் போலீஸ் கையில் இருந்தது. பொதுமக்களுக்கு ட்விட்டரில் போட்டது பத்தேகாலுக்கு. நடுவில் செத்தவர்களின் குடும்பங்களுக்கு அந்த மூன்று மணி நேரத்துக்கு மேல் வேறு எந்தக் கேள்வியும் இல்லை.

போலீஸ்காரர்களின் உள்ளம் என்று வரும்போது புனைவு சோம்பேறித்தனம் காட்டுகிறது. குடிக்கும், விவாகரத்தான, யாரோடும் ஒட்டாத துப்பறிவாளர் என்ற அச்சை அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். நிஜத்தில் நடப்பது வேறு. சாண்டி ஹூக் வகுப்பறைக்குள் போன அதிகாரிகளில் சிலரால் பிறகு வேலைக்கே திரும்ப முடியவில்லை. உடலில் காயம் இல்லாமல் மனதுக்கு மட்டும் ஏற்பட்ட பாதிப்புக்குக் கனெக்டிகட்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் அன்று இடம் இல்லை. 2019-ல்தான் போலீஸ்காரர்களுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் அதைச் சட்டமாக்கினார்கள். கால் முறிந்திருந்தால் சம்பளம் உண்டு, கண்டதை மறக்க முடியாவிட்டால் இல்லை என்ற நிலையில் ஏழு வருடம். படிவம் நிரப்புவதும் மருத்துவர் சான்றும் யூனியன் வக்கீலும் அலுப்பூட்டும் விஷயங்கள்தான். ஆனால் அந்த அலுப்புக்குள்தான் அந்த மனிதர் கரைந்துபோகிறார்.

உள்ளே போகாதவர் நிலை இன்னும் சிக்கல். ஃப்ளோரிடாவின் பார்க்லண்டில் 2018 பிப்ரவரி 14-ல் 17 பேர் கொல்லப்பட்டபோது கட்டடத்துக்கு வெளியே நின்றுவிட்ட பள்ளிப் போலீஸ்காரர் மீது வழக்கே போட்டார்கள். 2023 ஜூனில் நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. சட்டம் முடித்துவிட்டது. பெற்றோர் முடிக்கவில்லை. கோழை என்று நாடே அழைத்த ஒருவர் அதே மாநிலத்தில் காய்கறி வாங்கப் போகும் காட்சியை, வெறுப்பும் இல்லாமல் வக்காலத்தும் வாங்காமல் எழுதுவது எளிதில்லை. நல்ல க்ரைம் எழுத்தாளருக்கான பரீட்சை அதுதான்.

சுட்டவன் வீட்டுக் கதவு

கொலம்பைனுக்குப் பிறகு யாரோ ஒருவர் அருகிலிருந்த குன்றின் மேல் 15 சிலுவைகள் நட்டார். இறந்தவர்கள் 13 பேர். மிச்சம் இரண்டு சுட்டவர்களுக்கு. மகனை இழந்த ஒரு தந்தை வந்து அந்த இரண்டையும் பிடுங்கி எறிந்தார். அந்த இரண்டு சிலுவை விவகாரம்தான் இந்த வகையின் இரண்டாவது கிளை: கொலையாளியின் குடும்பத்துக்கு அழ உரிமை உண்டா?

லயனல் ஷ்ரைவர் 2003-ல் எழுதி, 2005-ல் பெண் எழுத்தாளர்களுக்கான ஆரஞ்சு பரிசு வாங்கிய ‘வீ நீட் டு டாக் அபௌட் கெவின்’ சுட்டவனின் தாய் கணவருக்கு எழுதும் கடிதங்களாகவே அமைந்தது. போலீஸ் அதில் அநேகமாக இல்லை. தாய் தன்னையே விசாரித்துக்கொள்கிறாள். தானும் ஒரு காரணமா என்று தேடித் தேடி, நம்பத்தகாத சாட்சியாகவும் ஆகிவிடுகிறாள். கொலம்பைனில் சுட்டவர்களில் ஒருவனின் தாய் சூ கிளெபோல்ட் 2016-ல் தன் நினைவுகளைப் புத்தகமாக எழுதினார். புனைவு முந்திக்கொண்டு, நிஜம் பின்னால் வந்த அபூர்வமான இடம் இது.

இப்போது சட்டமே இந்தக் கிளைக்குள் வந்துவிட்டது. மிச்சிகனின் ஆக்ஸ்ஃபர்ட் உயர்நிலைப் பள்ளியில் 2021 நவம்பர் 30-ல் நான்கு மாணவர்களைக் கொன்ற பையனின் தாய், தந்தை இருவரும் 2024-ல் தனித்தனி வழக்குகளில் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ஆளுக்கு 10 முதல் 15 வருடம் சிறை. பிள்ளை செய்த பள்ளித் துப்பாக்கிச்சூட்டுக்காகப் பெற்றோர் இப்படித் தண்டிக்கப்பட்டது அமெரிக்காவில் அதுவே முதல் முறை. அன்று காலை பள்ளியில் ஆலோசகரோடு அந்தப் பெற்றோர் உட்கார்ந்து பேசினார்கள்; பையன் வரைந்திருந்த துப்பாக்கிப் படம் மேஜை மேல் இருந்தது. வீட்டுக்குக் கூட்டிப் போகாமல் வகுப்புக்கு அனுப்பினார்கள். பையைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. இனி இந்த வகை நாவலில் இன்ஸ்பெக்டர் சுட்டவன் வீட்டுக் கதவைத் தட்டும்போது, துக்கம் விசாரிக்க வந்தாரா, கைது செய்ய வந்தாரா என்பது உள்ளே இருப்பவர்களுக்கும் தெரியாது, ஒருவேளை அவருக்கும் தெரியாது.

சுட்டவனையே நாயகனாக்கும் கதைகள் வேறு. ஸ்டீபன் கிங் 1977-ல் புனைபெயரில் வெளியிட்ட ‘ரேஜ்’ அந்த ரகம். 1997-ல் கென்டக்கியில் பள்ளியில் சுட்ட மாணவனிடம் அந்தப் புத்தகம் இருந்தது தெரிந்ததும் இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பாளரிடம் சொல்லிவிட்டார். புத்தகம் கொலை செய்ய வைத்தது என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை; எரியும் இடத்தில் எண்ணெய் இருக்க வேண்டாம் என்பதுதான் அவர் வாதம். கொலராடோவின் அரோரா திரையரங்குத் துப்பாக்கிச்சூட்டில் 2012-ல் மகனைப் பறிகொடுத்த பெற்றோர், கொலையாளிகளின் பெயரையும் படத்தையும் திரும்பத் திரும்பக் காட்டாதீர்கள் என்று ஊடகங்களைக் கேட்கும் இயக்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். அண்மைக்கால நாவல்கள் பலவற்றில் சுட்டவனுக்குப் பெயரே இருப்பதில்லை. அது பாசாங்கு என்று சிலர் சொல்கிறார்கள். கதைக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை என்பது என் அனுபவம்.

கேமராக்கள் போன பிறகு

துப்பறியும் நாவல் ஓரிரு வாரத்தில் முடிந்துவிடும். இந்தத் துக்கம் அப்படி முடிவதில்லை. 2019 மார்ச்சில் சில நாள் இடைவெளியில் பார்க்லண்டில் உயிர் தப்பிய இரண்டு இளையோரும், சாண்டி ஹூக்கில் மகளை இழந்த ஒரு தந்தையும் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். இந்த நீளத்தைக் காட்ட ஒரே நாவல் போதாது. அதே பாத்திரங்கள் வருடக்கணக்காக வந்துபோகும் நாவல் வரிசைக்குத்தான் அது கைவரும்.

சாண்டி ஹூக் குடும்பங்களுக்கு இரண்டாவதாக ஒரு தாக்குதல் வந்தது. அப்படி ஒரு சம்பவமே நடக்கவில்லை, குழந்தைகள் எல்லாம் நடிகர்கள் என்று சதிக் கதைகளைப் பரப்பும் அமெரிக்க நிகழ்ச்சியாளர் அலெக்ஸ் ஜோன்ஸ் தன் நிகழ்ச்சியில் வருடக்கணக்காகச் சொன்னார். நம்பியவர்கள் பெற்றோரைப் பின்தொடர்ந்தார்கள், கொல்வோம் என்று மிரட்டினார்கள். ஒரு தந்தை மகனின் இறப்புச் சான்றிதழையும் பள்ளி மதிப்பெண் அட்டையையும் இணையத்தில் போட்டார், தனக்கு அப்படி ஒரு பிள்ளை இருந்தான் என்று நிரூபிக்க. அதையும் போலி என்றார்கள். அந்தக் குடும்பம் வீடு மாறிக்கொண்டே இருந்தது. அவரை மிரட்டிய ஃப்ளோரிடாப் பெண் ஒருவருக்கு 2017-ல் ஐந்து மாதச் சிறை கிடைத்தது. 2022-ல் கனெக்டிகட் நீதிமன்றத்தில் ஜோன்ஸுக்கு எதிராக விதிக்கப்பட்ட மொத்தத் தொகை 140 கோடி டாலரைத் தாண்டியது. முகம் தெரியாத மிரட்டல்காரர்கள், போலிக் கணக்குகள், ஒவ்வொரு வீடு மாறும்போதும் புது முகவரியை யார் கசியவிட்டது என்ற கேள்வி: க்ரைம் நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் இதை முழு மூச்சாகக் கையில் எடுத்த படைப்புகள் குறைவு.

பணத்தைப் பற்றியோ அநேகமாக யாருமே எழுதுவதில்லை. ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் நன்கொடை குவிகிறது, பிரிப்பது யார்? துப்பாக்கிச்சூடு நடந்த வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம், அரோரா போன்ற இடங்களில் அந்த வேலையைச் செய்தவர் கென்னத் ஃபைன்பெர்க் என்ற வக்கீல். அரோராவில் காயம்பட்டவர்களுக்கான தொகையை, ஆஸ்பத்திரியில் எத்தனை இரவு தங்கினார்கள் என்பதை வைத்துக் கணக்கிட்டார்கள். யாரோடும் சண்டை வராத, சுலபமாகச் சரிபார்க்கக்கூடிய அளவுகோல். ஆனால் முதல் இரவே கட்டுப்போட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டு, பிறகு பல வருடம் கதவுச் சத்தத்துக்கு நடுங்கும் ஒருவர் இந்தக் கணக்கில் எங்கே வருவார்? பிரிந்து வாழும் அப்பாவும் அம்மாவும் ஒரே பிள்ளையின் பெயரில் தனித்தனி விண்ணப்பம் போட்டால் எந்த முகவரிக்குக் காசோலை போகும்? அங்கேதான் பழைய கணக்குகள் கிளறப்படும், கையெழுத்துகள் சந்தேகத்துக்கு வரும், குடும்பத்தோடு அதுவரை துணைக்கு நின்ற அந்தப் போலீஸ்காரரிடம் இரு தரப்பும் சாட்சி கேட்டு வரும்.